இரண்டு மேசைகளுக்கு எழுதிய நிருபர்: ஃபாம் சுவான் ஆனும் டைம் இதழும்

1975 ஏப்ரல் 29 அன்று சைகோனின் கியா லோங் தெருவில், 22ஆம் எண் கட்டடத்தின் உச்சியில் ஒரு ஹெலிகாப்டர் நின்றது. அதை நோக்கிச் செங்குத்தான ஏணி ஒன்றில் மனிதர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தனர். ஹூபர்ட் வான் எஸ் எடுத்த அந்தப் புகைப்படம் வியட்நாம் போரின் முடிவைக் காட்டும் படமாக உலகெங்கும் அச்சாயிற்று. அமெரிக்கத் தூதரகத்தின் கூரை என்று இன்றும் பலர் அதற்குத் தவறாகக் குறிப்பெழுதுகின்றனர். அது அமெரிக்க அதிகாரிகள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம். அன்று அந்தக் கூரையிலிருந்து தப்பிச் சென்றவர்களுள் ட்ரான் கிம் துயெனும் ஒருவர். அதிபர் ஙோ டின் டியெமின் ஆட்சியில் இரகசிய உளவுத்துறையை நடத்தியவர் அவர். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுவதே அவருடைய துறையின் முதன்மைப் பணி. வெளியேற வழியின்றித் தவித்த அவரைக் கடைசி நேரத்தில் அக்கட்டடத்தின் வாயில்வரை கொண்டு சேர்த்தவர் டைம் இதழின் சைகோன் நிருபர் ஃபாம் சுவான் ஆன். அந்த நிருபர் ஹனோயின் உளவு அதிகாரி என்பது துயெனுக்குத் தெரியாது. டைம் அலுவலகத்திலும் எவருக்கும் தெரியாது.

சுவான் ஆனைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் உளவாளியையே நாயகனாக்குகின்றன. லாரி பெர்மனின் நூல் 2007இலும் தாமஸ் பாஸின் நூல் 2009இலும் வெளிவந்தன. இரண்டின் தலைப்பிலும் உளவாளி என்ற சொல் இருக்கிறது. இதழியல் வகுப்பறைகளிலோ அவர் நெறிமீறலுக்கான எடுத்துக்காட்டாகவே பேசப்படுகிறார். இவ்விரு பார்வைகளிலும் ஒன்று விடுபடுகிறது. ஒரே மனிதர் ஒரே காலத்தில் ஒரே போரைப் பற்றி இரண்டு நிறுவனங்களுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று நியூயார்க்கில் இருந்த வார இதழ். மற்றொன்று ஹனோயின் போர்த்தலைமை. அவர் என்ன எழுதினார் என்பதோடு, எழுதியதை இவ்விரு மேசைகளும் எவ்வாறு வாசித்தன என்பதையும் வைத்துப் பார்த்தால்தான் அக்காலத்து அமெரிக்க இதழியலின் உள்ளியக்கம் புலப்படும்.

சுவான் ஆன் 1927 செப்டம்பர் 12 அன்று சைகோனுக்கு அருகிலுள்ள பியென் ஹோவாவில் பிறந்தார். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான வியட் மின் இயக்கத்தில் இளமையிலேயே சேர்ந்தார். 1953இல், தென்கோடியின் சதுப்புக் காடுகளுக்கு நடுவே, லே டுக் தோவின் முன்னிலையில் கட்சி உறுப்பினரானார். பின்னாளில் பாரிஸில் ஹென்றி கிஸிங்கருடன் பேச்சு நடத்தியவரும் அமைதிக்கான நோபல் பரிசை ஏற்க மறுத்தவருமான அதே லே டுக் தோ. அடுத்த ஆண்டு சுவான் ஆன் எதிர்த்தரப்பு இராணுவத்திற்குள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, உளவியல் போர்ப்பிரிவில் அமர்த்தப்பட்டார். அங்கேதான் எட்வர்டு லான்ஸ்டேலின் குழுவினரோடு பழக்கம் ஏற்பட்டது. அமெரிக்கர்களின் எதிர்ப்புரட்சிக் கோட்பாடு வியட்நாமில் வேர்விடத் தொடங்கிய காலம் அது. அதை அவர் அவர்களுடைய மேசையருகிலேயே இருந்து கற்றார்.

அவரை இதழியலுக்கு அனுப்பியது கட்சியின் முடிவு. அரசு அதிகாரியாகச் சென்றால் ஒரு துறைக்குள் அடைபட வேண்டும். பத்திரிகையாளருக்கு எல்லாக் கதவுகளும் திறக்கும் என்பது மேலாளர் முவோய் ஹுவோங்கின் கணக்கு. 1957இல் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவிலுள்ள ஆரஞ்சு கோஸ்ட் கல்லூரியில் முப்பது வயது மாணவராகச் சேர்ந்தார். கல்லூரி இதழில் எழுதினார். சாக்ரமென்டோ பீ நாளேட்டில் பயிற்சி பெற்றார். காரோட்டிக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே பயணம் செய்தார். அவர் அங்கே இருந்தபோதே முவோய் ஹுவோங் சைகோனில் கைதானார். திரும்பினால் தாமும் பிடிபடுவோமோ என்ற அச்சத்தோடுதான் 1959இல் ஊர் திரும்பினார். திரும்பியதும் அவர் பாதுகாப்புத் தேடிய இடம் துயெனின் அலுவலகம். துயென் அவரை அரசின் செய்தி நிறுவனமான வியட்நாம் பிரஸ்ஸில் அமர்த்தினார். அங்கே நிருபர் என்ற பெயரில் இருந்த அரசாங்க உளவாளிகள் பலருக்குச் செய்தி எழுதத் தெரியாது. அவர்களை உண்மையிலேயே செய்தி எழுதவைக்க முயன்றவர் எதிர்த்தரப்பின் உளவாளி என்பது போர்க்காலச் சைகோனுக்கே உரிய விநோதம்.

அடுத்து ராய்ட்டர்ஸ்; அதன்பின் நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன்; 1960களின் நடுப்பகுதியிலிருந்து டைம். தொடக்கத்தில் உதவியாளர், பின்னர் முழுநேர நிருபர். காலையில் கிவ்ரால் தேநீர்க்கடையில் அமர்ந்து வதந்திகளைக் கேட்பார். தளபதிகளும் அமைச்சர்களின் உறவினரும் வணிகர்களும் வந்துபோகும் இடம் அது. புதிதாக வந்திறங்கும் அமெரிக்க நிருபர்களுக்கு நாட்டின் அரசியலை வகுப்பெடுப்பதுபோல் விளக்குவார். டேவிட் ஹால்பர்ஸ்டாம், நீல் ஷீஹன், ஸ்டான்லி கார்னோ போன்றோர் அவரைத் தங்கள் ஆசிரியருள் ஒருவராகவே கருதினர். இரவில், காலடியில் அல்சேஷன் நாய் படுத்திருக்க, கண்ணுக்குத் தெரியாத மையில் அறிக்கை எழுதுவார், ஆவணங்களைப் படமெடுப்பார். பிலிம் சுருள்கள் உணவுப் பொட்டலங்களில் ஒளித்துவைக்கப்பட்டு, தெருவில் சிறு பொருள்கள் விற்கும் பெண்ணாகத் திரிந்த நுயென் தி பாவின் கைக்குச் செல்லும். அங்கிருந்து கூ சீ சுரங்கங்கள், பிறகு கம்போடிய எல்லை, முடிவில் ஹனோய். இந்தச் சங்கிலியில் இருந்த 45 தூதர்களுள் 27 பேர் பிடிபட்டு உயிரிழந்தனர் என்று தாமஸ் பாஸ் எழுதுகிறார். சுவான் ஆனின் நயமான ஆங்கிலத்தையும் நகைச்சுவையையும் நினைவுகூரும் அமெரிக்க நினைவுக்குறிப்புகளில் இந்த 27 பேருக்கு இடம் கிடைப்பதில்லை.

இனி, அவர் பணியாற்றிய இதழ். டைம் 1923இல் ஹென்றி லூஸும் பிரிட்டன் ஹேடனும் தொடங்கியது. லூஸ் சீனாவில் கிறித்துவ மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆசியாவில் அமெரிக்காவுக்கு ஒரு கடமை உண்டு என்பதை ஏறத்தாழ மதநம்பிக்கையைப்போல் கொண்டிருந்தவர். அவருடைய இதழின் உற்பத்திமுறையை இன்றைய வாசகர் தெரிந்துகொள்வது அவசியம். களத்திலுள்ள நிருபர் நீண்ட அறிக்கையைத் தந்தியில் அனுப்புவார். அதை வைத்து நியூயார்க்கிலுள்ள எழுத்தாளர் ஒருவர் கட்டுரை எழுதுவார். ஆய்வு உதவியாளர் தகவல்களைச் சரிபார்ப்பார். ஆசிரியர்கள் அதைத் திருத்தி, பல வேளைகளில் முற்றிலும் மாற்றி எழுதுவர். அச்சில் வருவதில் நிருபரின் பெயர் இராது. சம்பவம் நடந்த ஊருக்கும் அதைப் பற்றிய வாக்கியம் எழுதப்பட்ட மேசைக்கும் இடையே ஒரு பெருங்கடல் இருந்தது.

இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை 1940களில் சீனாவிலிருந்து எழுதிய தியோடர் வைட் கண்டார். சியாங் கை ஷேக்கின் அரசு ஊழலில் அழுகிக்கொண்டிருப்பதாக அவர் அனுப்பிய அறிக்கைகள், இதழில் சியாங்கைப் போற்றும் கட்டுரைகளாக வெளிவந்தன. அவற்றைத் திருத்திய வெளிநாட்டுச் செய்தி ஆசிரியர் விட்டேக்கர் சேம்பர்ஸ், 1930களில் சோவியத் உளவமைப்புக்காகப் பணியாற்றிப் பின்னர் கம்யூனிச எதிர்ப்பாளரானவர். டைம் இதழில் உளவுப் பின்புலம் கொண்டவர் என்றதும் சுவான் ஆனின் பெயரே நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த இதழின் ஆசியச் செய்திகளைத் தம் நம்பிக்கைக்கேற்ப வளைத்தவர் என்று ஆதாரத்தோடு சொல்லத்தக்க முன்னாள் உளவாளி, அதன் தலைமை அலுவலகத்திலேயே இருந்தார்.

வியட்நாமிலும் அதே கதை மீண்டும் நடந்தது. 1963 ஜனவரி 2 அன்று மீகாங் கழிமுகத்தின் ஆப் பாக் கிராமத்தில் ஏறத்தாழ 350 கெரில்லாக்கள், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய தென் வியட்நாம் படையை எதிர்த்து நின்றனர். ஐந்து ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. மூன்று அமெரிக்கரும் தென் வியட்நாம் வீரர் ஏறத்தாழ 80 பேரும் மாண்டனர். அமெரிக்கத் தளபதி பால் ஹார்கின்ஸ் அதை வெற்றி என்றார். களத்திலிருந்த ஆலோசகர் ஜான் பால் வான் அப்படி நினைக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு ஷீஹனும் ஹால்பர்ஸ்டாமும் தோல்வி என்று எழுதினர். அந்த ஆண்டு முழுவதும் சைகோனிலுள்ள இளம் நிருபர்களுக்கும் அமெரிக்க அதிகாரிகளுக்கும் இடையே பூசல் முற்றியது. ஜூன் 11 அன்று தெருச்சந்திப்பில் தீயில் அமர்ந்த துறவி திக் குவாங் டுக்கை மால்கம் பிரவுன் எடுத்த படம் டியெம் ஆட்சியின் நிலையை உலகுக்குக் காட்டியது. டைம் இதழின் நிருபர் சார்லஸ் மோரும், போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற கருத்தோடு தொடங்கும் ஒரு நீண்ட அறிக்கையை நியூயார்க்குக்கு அனுப்பினார். நிர்வாக ஆசிரியர் ஆட்டோ ஃபூர்பிங்கர் அந்தத் தொடக்கத்தை நீக்கினார். கட்டுரை நம்பிக்கையூட்டும் தொனியில் வெளிவந்தது. அத்தோடு நிற்கவில்லை. சைகோன் நிருபர்கள் ஒரே விடுதியில் கூடி, ஒருவர் கருத்தை ஒருவர் ஊதிப் பெருக்கி வாசகரைக் குழப்புகின்றனர் என்று குற்றஞ்சாட்டும் கட்டுரையொன்றை செப்டம்பரில் தம் இதழிலேயே வெளியிட்டார். தம்முடைய நிருபரையும் சேர்த்தே பழித்த கட்டுரை அது. மோரும் உடன் பணியாற்றிய மெர்ட் பெரியும் பதவி விலகினர். ஆறு வாரங்களுக்குள் டியெம் தம் தளபதிகளாலேயே கவிழ்க்கப்பட்டு, நவம்பர் 2 அன்று கொல்லப்பட்டார்.

ஆப் பாக் போருக்காக மறுதரப்பில் இரண்டு பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஒன்று களத்தில் நின்ற தளபதிக்கு. மற்றொன்று சைகோனில் மேசையருகே அமர்ந்திருந்த சுவான் ஆனுக்கு. ஹெலிகாப்டர்களையும் கவச வண்டிகளையும் கொண்டு அமெரிக்கர் வகுத்த புதிய போர்முறையை, அவர்களுடைய ஆவணங்களிலிருந்தே அவர் முன்னதாக விளக்கி அனுப்பியிருந்தார். அவர் அனுப்பியது வெறும் திருட்டு ஆவணம் அன்று. எதிரி எப்படிச் சிந்திக்கிறான், ஏன் அவ்வாறு சிந்திக்கிறான், எங்கே தவறுவான் என்ற பகுப்பாய்வு அது. நல்ல வெளிநாட்டு நிருபர் ஒருவர் தம் ஆசிரியருக்கு எழுத விரும்பும் அறிக்கையும் இத்தகையதே. ஒரே போரின் உண்மைநிலையைச் சொன்ன ஒருவருக்கு ஒரு மேசையிலிருந்து பதக்கம் வந்தது. அதையே சொன்ன மோருக்கு இன்னொரு மேசையிலிருந்து கிடைத்தது கண்டனக் கட்டுரை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த ஒப்பீட்டை இழுத்துச்சென்று, ஹனோய் எப்போதும் உண்மையை விரும்பியது என்ற முடிவுக்கு வரலாகாது. 1968 ஜனவரி இறுதியில் தொடங்கிய டெட் தாக்குதலில், தென்னக நகரங்களின் மக்கள் திரண்டெழுவர் என்று கட்சித் தலைமை எதிர்பார்த்தது. மக்கள் எழவில்லை. தென்னகப் போராளிகள் பெருந்தொகையில் மாண்டனர். அந்தத் தாக்குதலுக்குமுன் தம் மேலாளர் தூ காங்கைத் தமது பழைய ரெனோ காரில் ஏற்றிக்கொண்டு சைகோனின் இலக்குகளை நோட்டமிடச் செய்தவர் சுவான் ஆனே. அவருடைய கைகள் தூய்மையானவை என்றும், அவர் வெறும் பகுப்பாய்வாளர் என்றும் சொல்வோர் இந்தப் பயணத்தைக் கடந்துசெல்ல முடியாது. இலக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் மனித உயிர்கள் இருந்தன. தாக்குதல் களத்தில் தோற்றாலும் அமெரிக்க மக்களின் மனத்தில் வென்றது என்ற மதிப்பீட்டை அவரும் தூ காங்கும் பின்னர் அனுப்பினர். அம்மதிப்பீடு சரியாகவே இருந்தது.

அப்படியானால் அவர் டைம் வழியே பொய்ச்செய்தி பரப்பினாரா? நியூஸ்வீக் இதழின் முன்னாள் நிருபர் ஆர்னோ டி போர்ஷ்கிராவ் போன்றோர் அவ்வாறு குற்றஞ்சாட்டினர். இக்குற்றச்சாட்டு வலுவற்றது. அதற்கு முதன்மையான காரணம் சுவான் ஆனின் நேர்மையன்று. மேலே சொன்ன உற்பத்திமுறையே. நிருபரின் அறிக்கை நான்கைந்து கைகள் மாறி, தலைமையின் சாய்வுக்கேற்ப வெட்டப்படும் இதழில், ஒரு நிருபர் தம் பொய்யை முழுதாக அச்சேற்றுவது எளிதன்று. தவிர, பொய் அவருடைய நோக்கத்துக்கே கேடு. ஒருமுறை பொய்யர் என்று அறியப்பட்டால் தளபதிகளின் வீட்டுக் கதவுகள் மூடிக்கொள்ளும். உண்மையை எழுதியதே தம்முடைய மறைப்பு என்று அவர் பிற்காலத்தில் விளக்கியதில் தர்க்கம் இருக்கிறது.

ஆயினும் பொய் எழுதவில்லை என்பதனாலேயே வஞ்சகம் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்க இராணுவம் அங்கீகரித்த நிருபர்களுக்குச் சில படைநகர்வுகள் முன்கூட்டியே, வெளியிடலாகாது என்ற உறுதிமொழியின்பேரில் சொல்லப்பட்டன. அந்த உறுதிமொழி அவருக்கும் பொருந்தும். அவரை நம்பி வாய்திறந்த தென் வியட்நாம் அதிகாரிகள், ஒரு பத்திரிகையாளரிடம் பேசுவதாகவே நினைத்துப் பேசினர். இதழியலில் செய்தி தருபவருக்கும் நிருபருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. அதை அவர் ஒவ்வொரு நாளும் மீறினார். பீட்டர் ஆர்னெட் போன்ற சிலர் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தனர். ஹால்பர்ஸ்டாமும் மோர்லி சேஃபரும் அவரை மன்னித்தனர். ஆனால் அவரால் நேரடியாக இழப்பைச் சந்தித்தவர்கள் இவர்கள் அல்லர். மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி இங்கே எஞ்சுகிறது.

1970 ஆகஸ்டில் டைம் நிருபர் ராபர்ட் சாம் ஆன்சன் கம்போடியாவில் கெரில்லாக்களிடம் பிடிபட்டார். அந்த நாள்களில் அங்கே பிடிபட்ட வெளிநாட்டு நிருபர் பலர் திரும்பவேயில்லை. ஆன்சனின் மனைவி டைம் அலுவலகத்தில் அழுதுநின்றபோது சுவான் ஆன் இரகசியமாகத் தம் தரப்புக்குச் செய்தி அனுப்பினார். சில வாரங்களில் ஆன்சன் விடுதலையானார். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் ஓர் உளவாளியின் கணக்கில் இது பெரும் பிழை. ஒரு தனிமனிதருக்காக முழு வலைப்பின்னலையும் ஆபத்துக்குள்ளாக்கும் செயல் அது. துயெனைக் காப்பாற்றியதும் அத்தகையதே. இவ்விரு செயல்களையும் அவருடைய கட்சி எளிதில் மறக்கவில்லை.

1975 ஏப்ரல் இறுதியில் டைம் நிறுவனம் அவருடைய மனைவியையும் நான்கு குழந்தைகளையும் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தது. அவர் தங்கிவிட்டார். அமெரிக்க நிருபர்கள் அனைவரும் வெளியேறிவிட்டனர், அலுவலகத்தை இனி ஃபாம் சுவான் ஆன் பார்த்துக்கொள்கிறார் என்று நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார். ஏப்ரல் 30க்குப் பின்னும் சில மாதங்கள் டைம் இதழுக்குச் செய்தி அனுப்பினார். 1976 ஜனவரியில் மக்கள் படையின் வீரர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. குடும்பமும் அதே ஆண்டு சுற்றிவளைத்து வியட்நாம் திரும்பியது.

பட்டத்துக்குப்பின் நேர்ந்தவற்றைப் பலர் இரண்டு வரிகளில் முடித்துவிடுகின்றனர். 1978இல் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஹனோயில் அரசியல் கல்வி பெற அவர் அனுப்பப்பட்டார். அமெரிக்கரோடு நெடுங்காலம் பழகியதால் அவர்களைப்போலவே சிந்திக்கிறார் என்பது அவர்மீதிருந்த ஐயம். போர்க்காலத்தில் அவருடைய மதிப்பே அப்படிச் சிந்திக்க முடிந்ததில்தான் இருந்தது. வென்ற அரசுக்கு அந்தத் திறன் உறுத்தலாயிற்று. பத்தாண்டுக்கும் மேலாக வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அவரைச் சந்திப்பது அரிதாகவே இருந்தது. 1989இல் சேஃபர் சந்தித்தபோது, ஊழலையும் பொருளாதாரத் தோல்வியையும் பற்றி அவர் வெளிப்படையாகவே பேசினார். மறு ஆண்டு ஜெனரல் பதவி வந்தது. 1997இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோது பயண அனுமதி மறுக்கப்பட்டது. உண்மைநிலையைச் சொன்னதற்காக ஆப் பாக்கில் பதக்கம் கொடுத்த மேசை, போர் முடிந்தபின் அவர் சொல்வதைக் கேட்க விரும்பவில்லை. நாடு இரண்டாகப் பிரிந்திருந்தபோது அவர் ஒரு தரப்பின் கண். ஒன்றானபின் அந்தக் கண் தன் அரசையே உற்றுநோக்கத் தொடங்கியது.

சுவான் ஆன் 2006 செப்டம்பர் 20 அன்று ஹோ சி மின் நகரில் நுரையீரல் நோயால் மறைந்தார். வாழ்நாள் முழுவதும் புகைபிடித்தவர்; அமெரிக்கரிடமிருந்து கற்ற பழக்கம் என்று அதைச் சொல்லிச் சிரிப்பாராம். இராணுவ மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. தன்வரலாறு எதையும் அவர் எழுதவில்லை. பெர்மனுக்கும் பாஸுக்கும் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜான் கிளோட் போமோந்திக்கும் அளித்த பேட்டிகளில், வந்தவருக்கேற்ற முகத்தைக் காட்டினார் என்ற ஐயமும் உண்டு. அந்த மூன்று நூல்களையும் அடுத்தடுத்து வாசிப்போர் இதை எளிதில் உணரலாம். டைம் நிருபர்கள் 1968 வரை அனுப்பிய மூல அறிக்கைகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கின்றன. எந்த வாக்கியம் நியூயார்க்கில் வெட்டப்பட்டது என்பதை அச்சான இதழோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதப்பட்டு நுயென் தி பாவின் கைவழியே காட்டுக்குச் சென்ற அறிக்கைகள் ஹனோயின் இராணுவ ஆவணங்களுக்குள்ளேயே கிடக்கின்றன.